பிழை இல்லையேல் பதில் இல்லை

அண்ணாச்சி காலை ஒன்பது இருபதுக்குப் பேசுவார். பேசுவார் என்றால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு சொல்தான்: 'நலம்.' அதுவும் முந்தின நாள் காலை பத்து இருபதுக்கே சொன்னது. இருபத்து மூன்று மணி நேரம் ஒளியின் வேகத்தில் ஓடிவந்து, கரிசல்குளத்துப் பொட்டலில் அண்ணாந்து நிற்கும் பெரிய டிஷ்ஷில் விழும்போது அந்தச் சொல்லில் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர்கள் இரைச்சலையெல்லாம் புடைத்துத் தள்ளிவிட்டு அதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

அண்ணாச்சியின் அரசாங்கப் பெயர் நெடுவழி. முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் ஏவிய விண்கலம். கோள்களையெல்லாம் கடந்து, சூரியனின் காற்று ஓய்ந்துபோகிற எல்லையையும் கடந்து, மேலே போய்க்கொண்டே இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் மதிப்பான ஆள் யாராக இருந்தாலும் அண்ணாச்சிதான். ஏவிய முதல் வாரத்திலேயே நிலையத்தில் யாரோ விளையாட்டாக, "அண்ணாச்சி பேசிட்டாரா?" என்று கேட்க, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குச் சிரித்த நாற்பது பேரில் இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஆள், மங்கையர்க்கரசி.

வயது ஐம்பத்தொன்பது. இப்போது நிலையத் தலைவரும் அவள்தான். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை; ஏன் என்று கேட்டவர்களும் கேட்டு அலுத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்தில் நிலவுப் பயணத்துக்காக இளசுகள் ஜே ஜே என்று வேலை பார்க்கிறார்கள். வழியில் பார்த்தால் "குட்மார்னிங் மேடம்" என்பார்கள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. ஒன்பது இருபதுக்கு அண்ணாச்சி 'நலம்' என்பார். மங்கை பதிவேட்டில் ஒரு டிக் போடுவாள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அண்ணாச்சிக்கு அவளும் பதில் சொல்வதில்லை. அது நிலையத்து விதி. கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பலகையில் பெயின்ட்டில் எழுதி மாட்டியிருந்தது: 'பிழை இல்லையேல் பதில் இல்லை.'

இந்த விதி வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆரம்ப காலத்தில் நிலையத்துக்கும் ஊருக்கும் ஒரே மின்கம்பிதான். இங்கே ஒலிபரப்பியைப் போட்டால் அங்கே கரிசல்குளத்தில் பம்ப்செட் மோட்டார் இழுக்காது. பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் ஊரே திரண்டு வந்து கேட்டில் நின்றது. முதல் நிலையத் தலைவர் சமாதானம் பேசி, "கலத்துக்கு ஏதாவது கோளாறு என்றால் மட்டும் ஒலிபரப்புவோம், மற்ற நாள் காதால் கேட்பதோடு சரி" என்று வாக்குக் கொடுத்தார். பிறகு நிலையத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வந்தது, சோலார் வந்தது. கரிசல்குளத்தில் பருத்தி போடுவதையே விட்டுவிட்டார்கள். பலகையைக் கழற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மாதக் கடைசியில் தலைமையகத்தில் கூட்டம். அண்ணாச்சியை அணைத்துவிடலாமா என்பதுதான் ஒரே பொருள். அவர் இப்போதெல்லாம் ஓயாமல் பிழை சொல்கிறார். ஒரு மாதம் ஹீட்டர் அதிவெப்பம் என்பார், அடுத்த மாதம் திசைகாட்டி தடுமாறுது என்பார். சீக்காளிக் கலத்துக்கு இவ்வளவு பெரிய டிஷ் எதற்கு, நிலவுக்காரர்களிடம் கொடுத்துவிடலாமே என்று மேலே பேசிக்கொண்டார்கள். முடிவானால் கடைசிக் கட்டளையை அனுப்ப வேண்டியது மங்கை. 'வாயை மூடு' என்று ஒரு வரி. அதன்பிறகு அது இருட்டில் போய்க்கொண்டே இருக்கும். அது உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

கூட்டத்துக்காக இதுவரை வந்த பிழைகளையெல்லாம் பட்டியல் போடச் சொல்லியிருந்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று நாள் உட்கார்ந்து போட்டாள். மூன்றாம் நாள் முட்டி வலித்தது. டிஸ்பென்சரிக்குக் கிளம்பினாள்.

டிஸ்பென்சரி நர்ஸ் ரோஸ்லின் தூத்துக்குடிக்காரி. மனதில் பட்டதை விழுங்கத் தெரியாதவள்.

"வாங்க மேடம். என்ன, முட்டா?"

"ஆமா ரோஸ்லின். காலையில இருந்து இழுக்குது."

ரோஸ்லின் முட்டியை அமுக்கிப் பார்த்தாள். மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். அப்புறம் வருகைப் பதிவு நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லு."

"பொங்கலுக்கு ஒங்க தம்பி குடும்பம் வந்துச்சுல்லா, அந்த வாரம் நீங்க இந்தப் பக்கமே வரல. அவுக ஊருக்குப் போன மறுநாளு முட்டு வலி. போன மாசம் ஒங்க கட்டடத்துல ஏசி மாத்த ஆளு வந்து பத்து நாள் கெடந்தாவ. பத்து நாளும் முட்டு ஜம்முனு இருந்திருக்கு. அவுக போனாவ, நீங்க வந்துட்டிய. முட்டுல ஒண்ணுமில்ல மேடம். பேச்சுத் துணைக்கு வாரிய. வாங்க, நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? அதுக்கு எதுக்கு முட்டு மேல பழி போடுதிய?"

மங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. "வாயாடி" என்று திட்டிவிட்டு, கொடுத்த களிம்பைக் கூட எடுத்துக்கொள்ளாமல் விறுவிறுவென்று நடந்தாள். முட்டி வலிக்கவே இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. அதே இடத்தில் உச்சி வெயிலில் நின்றுவிட்டாள்.

ஏசிக்காரர்கள் இருந்த பத்து நாள். அண்ணாச்சிக்கும் அப்படி ஒரு காலம் உண்டே? ஏழு வருடங்களுக்கு முன் புது டிஷ் மாட்டியபோது, சரிபார்ப்பதற்காக நாற்பது நாள் தினமும் அவரை நோக்கி ஒலிபரப்பினார்கள். அந்த நாற்பது நாளில் ஒரு பிழையாவது வந்ததா?

ஓடாத குறையாக அறைக்குப் போய்ப் பட்டியலைப் பிரித்தாள். நாற்பது நாளில் ஒன்றுகூட இல்லை. ஒலிபரப்பை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து ஒரு பிழை. பதில் போட்டிருக்கிறார்கள். உடனே நலம். பிறகு ஒரு மாதம் மௌனம், மறுபடி பிழை. முப்பது வருடத்தையும் அப்படியே வரி வரியாகப் பார்த்தாள். பிழை வந்த எந்த நாளையும் எடுத்துப் பார்த்தால், அதற்கு முன்னால் ஒரு நீளமான மௌனம் இருந்தது.

திட்ட இயக்குநர் நவநீதனை வீடியோவில் பிடித்தாள். நாற்பது வயதுக்காரர், நல்ல மனுஷன், எப்போதும் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்.

"சார், அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்ல."

"இருநூத்துப் பன்னெண்டு பிழைன்னு நீங்கதானே மேடம் லிஸ்ட் அனுப்பினீங்க?"

"அத்தனையும் நம்ம குரலைக் கேக்கறதுக்காகச் சொன்னது சார். கலத்துல 'செவி'ன்னு ஒரு புரோகிராம் இருக்கு. இருபத்தாறு வயசுல நான் எழுதினது. ஆன்டெனாவை பூமி பக்கம் திருப்பி வைக்கறது அதோட வேலை. அவ்வளவு தூரத்துல இப்படித் திரும்பு, அப்படித் திரும்புன்னு இங்கேருந்து சொல்லிக்கிட்டிருக்க முடியாது. அதனால ஒரே ஒரு விதி எழுதினேன். எதைச் செஞ்சா பூமியோட குரல் நல்லாக் கேக்குதோ, அதை இன்னும் செய்."

"சரிதானே?"

"அதோட நிறுத்தியிருந்தா சரிதான். கருவிக்கு வயசாக வயசாக எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு தடுமாற்றம் பொறுக்கலாம்ங்கற கணக்கு மாறும். அந்த அளவுகோலையும் நீயே பாத்து மாத்திக்கோன்னு செவி கையிலயே குடுத்துட்டேன். சூடு எத்தனை டிகிரின்னு அது நமக்கு அனுப்பறதில்ல, அதுக்கு இடமில்ல. அதிவெப்பம்னு ஒரு குறி மட்டும்தான் வரும். அளவுகோலைக் கொஞ்சம் கீழே இறக்கினா சும்மா இருக்கிற கருவிகூட அதிவெப்பம்தான்."

நவநீதன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அது பொய் சொல்லுதுன்னு சொல்றீங்க."

"பொய்னா என்னன்னு அதுக்கு எங்க சார் தெரியும்? நல்லா இருக்கேன்னு தினமும் சொல்லிப் பாத்திருக்கு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. பிழைன்னு சொன்னா மட்டும் அடிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் பேசறோம். அது நம்மகிட்ட கத்துக்கிட்டது சார்."

நவநீதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதை எழுத்துல குடுக்காதீங்க. முப்பத்து மூணு வருஷத் திட்டம், ஆரம்பத்துலயே தப்புன்னு ஆயிடும். அதுவும் உங்க தப்புன்னு ஆயிடும். கலத்துக்கு வயசாயிடுச்சு, மரியாதையா அனுப்பி வைப்போம்னு கூட்டத்தை முடிச்சிடலாம். உங்களுக்கும் நல்ல பேரு, அதுக்கும் நல்ல பேரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு நஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். பட்டியலில் தொண்ணூற்றேழாம் பிழையிலிருந்து நூற்றேழு வரை பதினோரு வரிகள்: 'துகள் எண்ணி, அதிவெப்பம்.' சூரிய எல்லைக்கு வெளியிலிருந்து வரும் துகள்களை எண்ணுகிற அந்தக் கருவிக்கு நிலையத்தில் சிகாமணி பெட்டி என்று பெயர். செய்தவர் ஞானசிகாமணி.

இருபத்திரண்டு வருடம் எதிர் எதிர் மேஜை. அவர் வீட்டு மீன் குழம்பை மங்கை தொடமாட்டாள் என்று அவளுக்காகவே அவர் மனைவி தனியாகக் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்து அனுப்புவார். பதினோரு தடவை பிழை வந்ததும் பெட்டியை அணைத்தார்கள். விசாரணை வைத்தார்கள். 'இணைப்புகளில் கவனக்குறைவு' என்று தீர்ப்பு எழுதினார்கள். கீழே மூன்று கையெழுத்து, மூன்றாவது மங்கையுடையது.

"என் பெட்டி நல்லாத்தான் இருக்கு மேடம். ஒரே ஒரு தடவை திரும்ப ஆன் பண்ணிப் பாருங்க" என்று அன்றைக்கு அவர் கெஞ்சினார். கோளாறான கருவிக்கு மின்சாரம் கொடுத்தால் மொத்தக் கலமும் போய்விடும் என்று மறுத்தவள் அவள்தான். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் போனார். முதலில் அவருக்குப் போன் பண்ணக் கூச்சமாக இருந்தது. பிறகு பண்ணுவதற்குக் காரணம் கிடைக்கவில்லை. அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

மறுநாள் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை, கயிறு கட்டிய கண்ணாடி. தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, நிமிராமல், "அஃபிடவிட்டா, ஆதாரா?" என்றார்.

"மங்கை சார்."

ஸ்டேப்ளர் ஒரு நொடி நின்றது. திரும்பவும் அடித்தது. "வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முட்டி வலியைக்கூட விடாமல் சொன்னாள். நடுவில் ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து நாலு பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

"ஆக, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் சிகாமணி.

"இருக்கும்னு நெனைக்கேன். ஆன் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

"பதினோரு வருஷத்துக்கு முன்ன நானும் அதைத்தான் சொன்னேன்."

"ஆமா சார்."

"எங்க வீட்டுல கடைசி வரைக்கும் கேட்டா. நெசமாவே நீங்க எங்கயாவது சரியா வைக்காம விட்டுட்டீங்களான்னு. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஒவ்வொரு இணைப்பா மனசுக்குள்ளயே கழத்தி மாட்டிப் பாப்பேன். எதுலயும் தப்பு கெடைக்கல. தப்பு கெடைக்கலயேன்னுதான் ரொம்பப் பயமா இருக்கும்."

கடைசி வரைக்கும் என்றது அப்போதுதான் மங்கைக்கு உறைத்தது. "அக்கா... எப்ப சார்?"

"நாலு வருஷமாச்சு."

"எனக்கு யாரும் சொல்லல சார்."

"நீங்க கேக்கல." அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இன்னைக்கு ஒரு பிழை கெடச்சிருக்கு, வந்திருக்கீங்க. நிலையத்து வழக்கம் இன்னும் மாறல போல."

"மன்னிச்சிருங்க சார்" என்றாள். அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து இல்லாத தாளைத் தேடினார்.

அவள் படி இறங்கி, ரோட்டைக் கடக்க நின்றபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மேடம்! எடுத்த எடுப்புல பவர் குடுத்திராதீங்க. பதினோரு வருஷமா உறைஞ்சு கெடக்கு. மொதல்ல ஹீட்டரை மட்டும் போடணும். ஆறு மணி நேரம். அதுக்குப் பொறவு பாதி மின்சாரம், அப்புறம் முழுசு."

"ஆறு மணி நேரம் சார்."

"ஆறுன்னா ஆறு. அஞ்சேமுக்கால்ல அவசரப்பட்டிராதீங்க."

கடைக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை மங்கை இரண்டு காரியம் செய்தாள். முதலில் கடிதத்தை அனுப்பினாள். செவியில் நடந்த தவறு தன்னுடையது, ஞானசிகாமணி மீது வைத்த குற்றச்சாட்டு ஆதாரமற்றது, விசாரணைக்குத் தான் தயார் என்று எழுதி, கூட்டத்து உறுப்பினர் எல்லோருக்கும் போட்டாள். பெட்டி வேலை செய்த பிறகு எழுதினால் அது கெட்டிக்காரத்தனம் மாதிரி ஆகிவிடும், முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒருவேளை பெட்டி நிஜமாகவே கெட்டிருந்து, கலமும் போய்விட்டால், முப்பத்து மூன்று வருடத்தையும் கொன்றவள் என்ற பெயரோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்ததாக, பத்து இருபதுக்கு, நிலையத் தலைவர் என்ற முறையில் தன் கையில் இருந்த அதிகாரத்தில் கட்டளையை அனுப்பினாள். அளவுகோல்களைச் செவியிடமிருந்து பிடுங்கு. துகள் எண்ணிக்கு ஹீட்டர். ஆறு மணி நேரம். பிறகு பாதி, பிறகு முழுசு.

நவநீதன் போன் பண்ணி, "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

போக இருபத்து மூன்று மணி, ஆறு மணி காத்திருப்பு, வர இருபத்து மூன்று. புதன்கிழமை மதியம் இரண்டு இருபதுக்குத்தான் தெரியும். செவ்வாய் காலை வந்த 'நலம்' கட்டளை போய்ச் சேருவதற்கு முன்பே கிளம்பியது; புதன் காலை வந்தது பெட்டிக்கு மின்சாரம் போவதற்கு முன்பே கிளம்பியது. அங்கே என்ன ஆயிற்றோ, ஏற்கெனவே ஆகிவிட்டது. செய்தி மட்டும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேச ஆளில்லாமல் திரையிடமே, "சும்மா இருங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாள்.

புதன்கிழமை ரோஸ்லின் தானாகவே வந்தாள். "முட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இரண்டு இருபது ஆயிற்று. ஒன்றும் இல்லை. இரண்டு இருபத்திரண்டு. இரைச்சல். ரோஸ்லின் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இருபத்தைந்துக்குத் திரையில் ஓர் எண் வந்தது. ஏழு. பிறகு ஒன்பது. பிறகு ஆறு. எட்டு, ஏழு, பதினொன்று.

"என்ன மேடம் இது?"

"துகள்டீ! பத்து நொடிக்கு இத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருக்கு. பாவி மனுஷன், எவ்வளவு அழகாச் செஞ்சிருக்காரு பாரு!" மங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அழுது முடித்து பாளையங்கோட்டைக்குப் போன் போட்டாள். அவர் எடுத்தார். "சார், ஏழு, ஒன்பது, ஆறு, எட்டு" என்று வரிசையாக வாசித்தாள். மறுமுனையில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இருபது எண்கள் வாசித்திருப்பாள்.

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. வேறென்ன எதிர்பார்க்க உனக்கு அருகதை இருக்கிறது என்றும் தோன்றியது.

கூட்டம் நடந்தது. பழைய தீர்ப்பை ரத்து செய்து சிகாமணிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. மங்கைக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவளுடைய ஓய்வுக்கு வழியனுப்பு விழா வைப்பதைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. எல்லை தாண்டிய வெளியில் இதுவரை யாரும் எண்ணாத துகள்களை எண்ணிக்கொண்டிருக்கும் கலத்தை அணைக்க யாருக்கு மனம் வரும்? அண்ணாச்சிக்குத் தினம் அரை மணி நேரம் டிஷ் ஒதுக்கினார்கள்.

மங்கை நாற்காலி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றி, எழுத்து சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மறுநாள் ஒன்பது இருபதுக்கு அண்ணாச்சி 'நலம்' என்றார். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக, பிழையோ சோதனையோ கட்டளையோ எதுவும் இல்லாமல், பதில் சொல்வதற்காக மட்டும் அவள் ஒலிபரப்பியைப் போட்டாள். 'கேட்டது. நலம்.' அடுத்த நாளும் போட்டாள். அதற்கடுத்த நாளும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை ஒன்பது இருபதுக்கு 'நலம்' வந்தது. ஒன்பது முப்பத்தைந்துக்கு இன்னொரு 'நலம்'. மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் நாளுக்கு மூன்று ஆயிற்று. அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை நலம் என்று சொல்லிவிட்டு ஓய்ந்தார்.

அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தாள், சிரிப்பு அடங்கிவிட்டது. கலத்தின் ஒலிபரப்புக் குழல் ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் கொஞ்சம் தேயும். ஒரு நாளைக்கு ஒரு 'நலம்' என்றால் இன்னும் ஆறு வருடம் வரும். மூன்று என்றால் இரண்டே வருடம்தான். தடுக்க ஒரு வரி போதும். 'நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் பேசாதே.' அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பும் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நியாயமாக அனுப்ப வேண்டும். கை எழவில்லை.

போன் அடித்தது. சிகாமணி.

அவளுக்குப் பகீரென்றது. "என்ன சார்? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா? கடிதத்துல ஏதும் தப்பா வந்துட்டா?"

"ஒண்ணும் ஆகல."

"பொறவு?"

"சும்மாதான் கூப்பிட்டேன்."

அப்படி ஒரு போன் அவளுக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. வாய்க்கு வந்ததைப் பேசினாள். அண்ணாச்சி தினம் மூன்று தடவை நலம் சொல்வதைச் சொன்னாள். குழல் தேய்வதைச் சொன்னாள். ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் சொன்னாள்.

கோர்ட் வாசல் ஆரவாரம் போனில் கேட்டது.

"பேசட்டும் விடுங்க மேடம்" என்றார். "நானும் பதினோரு வருஷம் பேசாம இருந்து பாத்தேன். ஒண்ணும் பெருசா மிச்சமாகல."

மங்கை அந்த வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள்.

"சரி, ஒங்களுக்கு வேலை இருக்கும். வச்சிரட்டா?"

"இல்ல சார்" என்றாள் அவசரமாக. "வேலை ஒண்ணுமில்ல. இருங்க. இன்னைக்கு என்ன சாப்பாடு?"